பீடிங்கின் அடியில் தங்கும் மழை

சென்னையில் ஓடிய காரும் ஊட்டியில் ஓடிய காரும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. கடற்கரை ஊரில் காற்றோடு வரும் உப்பு, பெயிண்ட் உரிந்த இடத்தையெல்லாம் தேடித் தேடிப் பிடிக்கும். நீலகிரியில் அந்தத் தொல்லை கிடையாது; அங்கே தகரத்தைத் தின்பது காயாத ஈரம். அதனால் டி.என். 43 என்று தொடங்கும் எண்ணுள்ள பழைய காரை வாங்கப் போகிறவர், கதவின் அடியையும் மட்கார்டையும் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடக் கூடாது. நிமிர்ந்து டாப்பையும் பார்க்க வேண்டும். முன் கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து பின்பக்கம் வரை, இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். பட்டறையில் அதை ரூஃப் பீடிங் என்பார்கள்.

பலர் அதை அழகுக்காக ஒட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு மூடி. காரின் டாப் தனித் தகரம். கதவுகளைத் தாங்கும் பக்கச் சட்டம் தனித் தகரம். தொழிற்சாலையில் இரண்டின் விளிம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் செய்கிறார்கள். இணைப்பு வெளியே துருத்தி நிற்காமல் இருக்க, அந்த இடமே ஒரு சிறு வாய்க்காலாகப் பள்ளத்தில் அமைகிறது. பள்ளத்தில் தண்ணீர் புகாதபடி சீலர் பூசி, பெயிண்ட் அடித்து, மேலே பீடிங்கை அழுத்திவிடுவார்கள். வெளியே பார்த்தால் வழவழப்பான ஒரு கோடு. உள்ளே இரண்டு தகரமும் ஒரு மயிரிழை இடைவெளியும் வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு பசையும் இருக்கின்றன.

அம்பாசடர் காலத்தில் இந்த இணைப்பை யாரும் மறைக்கவில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உருவான அந்தக் காரில், டாப்பின் ஓரம் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு உண்டு. கட்டர் என்றால் எந்த டிங்கருக்கும் தெரியும். ஃபியட் 1100 வழியில் வந்த பிரிமியர் பத்மினியிலும் அப்படித்தான். கதவைத் திறந்ததும் டாப்பில் தேங்கிய மழைத் தண்ணீர் உட்காருபவர் தலையில் கொட்டாமல் ஓரமாக வடிந்து போக அது வழிசெய்தது. மலையில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து பெட்டி படுக்கையோடு குடும்பங்களை ஏற்றிவந்த டாக்சிகளில், டாப் கேரியரின் கால்கள் இந்தக் கட்டரைத்தான் கவ்விப் பிடித்திருக்கும். போல்ட்டை முறுக்கி இறுக்கும்போது அந்த இடத்தில் பெயிண்ட் நொறுங்கும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கேரியர் ஒரு நூலளவு அசையும். கேரியரைக் கழற்றிய பழைய அம்பாசடரில் துரு எங்கே என்று தேட வேண்டியதில்லை. கால் நின்ற இடத்தைப் பார்த்தால் போதும்.

சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1960களில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதில் தனி ரகம். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டைப் பின்பற்றிய அந்தக் காரில் டாப்பை வெல்டிங் செய்யவே இல்லை; போல்ட் போட்டு மாட்டினார்கள். இடையில் ரப்பர் சீல். போல்ட்டைக் கழற்றினால் டாப் முழுசாகக் கையோடு வந்துவிடும். துருவை ஆராய இதைவிட வசதியான அமைப்பு இல்லை. ரப்பர் இறுகிப்போனால் தண்ணீர் நேரே மடியில் விழும் அமைப்பும் அதுதான்.

1980களில் காற்றுத் தடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் போட்டி தொடங்கியபோது கட்டர் மறையத் தொடங்கியது. 1982இல் வந்த ஆடி 100 கார், ஜன்னல் கண்ணாடியைத் தகரத்தோடு சமமாக்கி, காற்றுத் தடை எண்ணை 0.30 வரை குறைத்துக் காட்டியது. நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு உள்ளே போனது. அதன் மேல் பீடிங் வந்தது. 1998 முதல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவான சான்ட்ரோ, மாருதியின் ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் என நீலகிரிச் சாலைகளில் இன்றும் அதிகமாகக் கண்ணில் படும் கார்கள் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. கட்டர் வெளியே தெரிந்தவரை துருவும் வெளியே தெரிந்தது. பீடிங் வந்த பிறகு இரண்டும் கண்ணிலிருந்து மறைந்தன.

நீலகிரியின் ஈரத்துக்குக் கணக்கு உண்டு. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கினால் நாள்கணக்கில் விடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு அது ஏறக்குறைய ஓராண்டு மழை. குன்னூரும் கோத்தகிரியும் மலையின் கிழக்கு முகத்தில் இருப்பதால் அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. இரண்டுக்கும் நடுவே 2,240 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊட்டி இரண்டிலும் நனையும்.

ஆனால் அரிப்பைப் படிப்பவர்கள் மழையின் அளவைவிட வேறொன்றைத்தான் முக்கியமாகக் கேட்பார்கள்: உலோகத்தின் மேல் ஈரம் எத்தனை மணி நேரம் இருந்தது? காற்றின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி, வெப்பநிலையும் பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கும் நேரத்தை ‘ஈர நேரம்’ என்று கணக்கிடுகிறது. சொட்டு மழை விழாத நாளிலும் இந்தக் கடிகாரம் ஓடும். மேகம் தரையில் இறங்கி நடக்கும் ஊரில் அது நிற்பதே அபூர்வம். குளிர் துருவை மெதுவாக்கும் என்பது உண்மைதான். அதே குளிர் ஈரம் உலர்வதையும் மெதுவாக்கிவிடுகிறது என்பதால் அந்த லாபத்தில் பெரும்பகுதி கைக்கு வருவதில்லை.

மழையே இல்லாத ஜனவரியிலும் கார் டாப்புக்கு ஓய்வு கிடையாது. மேகமற்ற இரவில் டாப்பின் தகரம் தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசுகிறது. சுற்றியுள்ள காற்றைவிட அது சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துபோகும். காரின் பக்கங்களுக்கு இந்த நிலை இல்லை. அவை சுவரையும் மரத்தையும் தரையையும் பார்த்து நிற்பதால் கொஞ்சம் வெப்பத்தைத் திரும்பப் பெறுகின்றன. அதனால்தான் பனித்துளி முதலில் டாப்பில் படிகிறது. டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைக்குந்தா பக்கம் நிறுத்திய வண்டிகளில் காலையில் உறைபனி வெள்ளையாகப் போர்த்தியிருப்பதும் டாப்பில்தான். உறையும் நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. பீடிங் பள்ளத்துச் சீலரில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தால், ஒவ்வோர் உறைபனி இரவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தும்.

துரு எங்கே வேர்பிடிக்கிறது என்பதில் ஒரு வியப்பு இருக்கிறது. காற்று நன்றாகப் படும் இடம் முதலில் துருப்பிடிக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். துருவுக்கு ஆக்சிஜன் வேண்டுமே! கேம்பிரிட்ஜில் உலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் ஓர் எளிய சோதனை செய்தார். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டுக் கவனித்தார். சொட்டின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கரைகிறது. நடுவில் அவ்வளவு கிடைப்பதில்லை. அரிப்பு தொடங்கியதோ நடுவில். ஆக்சிஜன் மிகுந்த ஓரமும் குறைந்த நடுப்பகுதியும் ஒரு குட்டி பேட்டரியின் இரு முனைகளாகிவிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்த முனையில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜன் மிகுந்த முனை வாங்கிக்கொள்கிறது. கரைந்த இரும்பு வழியில் ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் துருவாகப் படிகிறது.

பீடிங்கின் அடியில் நடப்பது இதேதான். பட்டையின் ஓரத்தில் காற்று உண்டு. அடியில், அழுக்குக்குக் கீழே, இரண்டு தகரங்களின் இடுக்கில் காற்று இல்லை. கரைவது அங்கே. வெளியில் ஓரமாக ஒரு காவிக் கோடு தெரியும்போது, உண்மையான சேதம் அதற்கு ஒரு விரல் உள்ளே நடந்து முடிந்திருக்கும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பட்டை மாட்டிய கட்டரில் இன்னொரு கெடுதலும் சேரும். ஈரம் பாலம் போட்டுவிட்டால் ஸ்டெயின்லெஸ் முழுவதும் எலக்ட்ரான் வாங்கும் பெரிய முனையாகிறது. அதன் கிளிப் கீறிய இடத்தில் தெரியும் குண்டூசித் தலையளவு சாதா இரும்பு, கொடுக்கும் முனையாகிறது. அவ்வளவு பெரிய பரப்பின் பசிக்கு அந்த ஒரு புள்ளிதான் தீனி போட வேண்டும். பெயிண்டில் ஒரு துளைதானே என்று விட்ட இடத்தில் தகரமே ஓட்டையாவது இப்படித்தான்.

இந்த மின்வேதியியலை முழுநேரமும் ஆராயும் ஒரு நிறுவனம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, அவை இழக்கும் எடையை அளந்து, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தையே அந்த நிறுவனம் தயாரித்திருக்கிறது. இரும்பு வாங்குவோரும் பாலம் கட்டுவோரும் பார்க்க வேண்டிய வரைபடம் அது. கார் வைத்திருப்பவரும் பார்க்கலாம்.

சரி, பீடிங்கைத் தூக்கினால் என்னதான் தெரியும்? குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் சாலையில், சில்வர் ஓக் நிழலில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நின்ற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பட்டையின் பின் முனையை மெல்லத் தூக்கியதும் முதலில் வருவது மணம்: மழைக்குப் பின் காட்டுத் தரையில் எழுமே, அதே மண்வாசனை. பிறகு கறுப்பாக, விரலில் ஒட்டும் சேறு. அதை ஒரு வெள்ளைத் தாளில் தடவிப் பிரித்தால் செம்மண் துகள், டயர் தேய்ந்த கரித்தூள், சீகைப் பூவின் மஞ்சள் பொடி, கற்பூர மரத்து மொட்டின் மூடி, சில்வர் ஓக் இலையின் சருகு எல்லாம் கிடைக்கும். பள்ளத்தின் சுவரில் பச்சைப் பட்டாகப் பாசி. ரப்பரின் மேற்புறத்தில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாக லைக்கன். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் உறவுதான் இது. சுத்தமான காற்று இல்லாத இடத்தில் பெரும்பாலான லைக்கன்கள் வளராது. ஊரின் காற்றுக்கு அது நற்சான்று. காரின் உரிமையாளருக்கு எச்சரிக்கை.

பாசி தகரத்தைக் கடித்துத் தின்பதில்லை. அதற்கு வேரே கிடையாது. நூல் போன்ற பிடிப்பிழைகளால் ஒட்டிக்கொண்டு உடல் முழுவதாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் குற்றம் ஒன்றுதான். மதிய வெயிலில் டாப் முழுவதும் காய்ந்த பிறகும் பள்ளத்தைக் காயவிடாமல் அது பிடித்துவைக்கிறது. ஒரு நாளில் சில மணி நேரமாக இருக்க வேண்டிய ஈர நேரம் இருபத்துநான்கு மணி நேரமாகிவிடுகிறது.

இலைச் சருகுக்குத் தனிக் கதை உண்டு. 1843இல் கேப்டன் காட்டன் என்ற படை அதிகாரி கொண்டுவந்த கற்பூர மரமும், அதே நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் நீலகிரியின் முகத்தையே மாற்றின. இரண்டிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். தோல் பதனிடுவதற்காகவே சீகைப்பட்டை இங்கே தோட்டமாக வளர்க்கப்பட்டது. தேநீரில் நாக்கைச் சுருக்குவதும் அதே குடும்பத்துப் பொருள்தான். டானின், துருவிலுள்ள இரும்போடு சேர்ந்தால் நீலங்கலந்த கறுப்பாகிவிடும்; ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதும் மை செய்தது இந்த வினையால்தான். இரும்புச் சட்டியில் விட்ட டிகாக்‌ஷன் கறுத்துப்போவதும் இதனால்தான். பீடிங் ஓரத்திலிருந்து வெள்ளைக் காரின் கதவு வரை கறுப்பாக வடிந்திருக்கும் கறை வெறும் அழுக்கல்ல. உள்ளே இலையும் துருவும் சந்தித்துவிட்டதற்கான தடயம்.

வேடிக்கை என்னவென்றால், துருவை அடக்கக் கடையில் விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர்கள் பலவற்றின் மூலப்பொருளும் இதே டானிக் அமிலம்தான். காவித் துருவை அது நிலையான கறுப்புப் படலமாக மாற்றுகிறது; பிரைமர் அதன்மேல் பிடித்து நிற்கும். அப்படியானால் எஸ்டேட் தேயிலையைக் காய்ச்சி ஊற்றினால் போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. அதன் செறிவு குறைவு; படலத்தைக் கட்டிப் பிடிக்கும் பாலிமரும் அதில் இல்லை.

பீடிங் எதனால் ஆனது என்பது கழற்றும் முறையைத் தீர்மானிக்கும். பழைய கார்களின் ரப்பர் பெரும்பாலும் இயற்கை ரப்பர் அல்லது அதன் உறவுகள். அவற்றின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள சிறிதளவு ஓசோனே அவற்றை வெட்டிவிடும். இழுபட்டிருக்கும் இடத்தில் குறுக்குக் குறுக்காக வெடிப்பது இதனால்தான். 1960களில் புழக்கத்துக்கு வந்த ஈ.பி.டி.எம். ரப்பரின் முதுகெலும்பில் அந்தப் பலவீனம் இல்லாததால் பிற்காலப் பீடிங்குகள் அதிகம் உழைக்கின்றன. பி.வி.சி. பட்டைகள் வேறு வகையில் மூப்படையும்: அவற்றை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் ஆண்டுக்காண்டு வெளியேறிவிட, பட்டை சுருங்கி முனையில் இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் தண்ணீரின் வாசல். உயரம் இதை விரைவாக்குகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஊட்டியில் நிற்கும் கார், சமவெளிக் காரைவிடத் தெளிந்த வெயிலில் இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வாங்குகிறது. குளுகுளு ஊரில் வெயில் என்ன செய்யும் என்ற நினைப்பு ரப்பர் விஷயத்தில் செல்லாது.

கழற்றுவதற்கு நல்ல காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, நல்ல நேரம் மதியம். குளிரில் ரப்பரும் பிளாஸ்டிக் கிளிப்பும் விறைத்திருக்கும். காலை ஏழு மணிக்கு இழுத்தால் கிளிப் உடைந்துதான் வரும். வெயில் இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பட்டையின் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைக்கலாம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் பெயிண்டுக்கு அதுவும் அதிகம்தான்; கை பொறுக்கும் சூடு போதும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பவே கூடாது. அது ரப்பரைத் தூக்குவதற்குள் பெயிண்டைக் கீறிவிடும்; அடுத்த துரு அங்கிருந்து தொடங்கும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் மலிவாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் விளிம்பு மழுங்கிய மரச்சில் நல்லது. முனையில் ஸ்க்ரூவோ பசையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு முனையிலிருந்து கிளிப் கிளிப்பாக, நேர் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கிளிப் இருக்கும் இடங்களை மாஸ்கிங் டேப்பில் குறித்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தடுமாற்றம் இருக்காது.

அம்பாசடர், பத்மினி போன்றவற்றின் கட்டரில் மாட்டும் உலோகப் பட்டைக்கு இதைவிடப் பொறுமை தேவை. அது கட்டரின் உதட்டைக் கவ்வியிருக்கும். ஒரு முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தால் நடுவில் மடிப்பு விழும். வளைந்த இடத்தில் உலோகம் இறுகிவிடுவதால், நிமிர்த்த முயன்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு அதன் இரு பக்கமும்தான் வளையும். எவ்வளவு தட்டினாலும் அந்த மடிப்பு வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு கையாலும் தாங்கி, சாண் சாணாக நகர்த்துவது ஒன்றே வழி. இந்தப் பட்டைகளுக்கு இன்று புதுசு தேடி அலைய வேண்டும் என்பதை நினைத்தால் அந்த அரை மணி நேரப் பொறுமை பெரிதாகத் தோன்றாது.

கழற்றிய பட்டை எந்த உலோகம் என்று தெரியாமல் எதையும் தேய்க்கக் கூடாது. காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டாமல், எடையும் குறைவாக, மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம். ஒட்டினால் குரோம் பூசிய எஃகாகவோ காந்தம் ஒட்டும் வகை ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கும். புள்ளி புள்ளியாகக் காவி தெரிந்தால் பெரும்பாலும் குரோம்தான்.

அலுமினியத்தைக் காப்பது அதன் ஆக்சைடு படலம். கடும் அமிலமும் கடும் காரமும் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். வாஷிங் சோடா, பாத்திரம் தேய்க்கும் காரப் பவுடர், பித்தளைக்குப் போடும் புளி எல்லாவற்றையும் தள்ளிவைத்து, கார் ஷாம்பூவும் மெல்லிய துணியும் போதும் என்று நிறுத்திக்கொள்வதே நல்லது. குரோம் வேறு விதம். மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்கடியில் உள்ள நிக்கல்தான் உண்மையான கவசம். குரோமின் நுண்ணிய துளைகள் வழியே வெளிவரும் காவிப் புள்ளிகளுக்கு, சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது நல்ல வைத்தியம். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது. துருவை எடுக்கும், பளபளப்பைக் கீறாது. ஸ்டெயின்லெஸ்ஸை இரும்பு நாரால் தேய்ப்பவர்கள் அறியாமல் இரும்புத் துகளை அதில் விதைக்கிறார்கள். அடுத்த மழையில் ஸ்டெயின்லெஸ்ஸே துருப்பிடித்தது போலத் தெரியும்.

பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு: வெளுத்துப்போன ரப்பரை டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைப்பது. அன்று சாயங்காலம் கன்னங்கரேலென்று மின்னும். ஆனால் ஈ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போகும். ஊதிய பட்டை பள்ளத்தில் உட்காராது. ரப்பருக்குச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். காய்ந்த பிறகு சிறிது கிளிசரின் தடவலாம். சிலிகான் ஸ்ப்ரேயும் ரப்பருக்கு நல்லதுதான். ஆனால் டிங்கரிங், பெயிண்டிங் வேலை பாக்கியிருந்தால் அதைக் கார் பக்கமே கொண்டுவரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிலிகான் இருந்தால்கூட புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

இனி பள்ளம். வழுக்கும் படிக்கட்டில் பிளீச்சிங் பவுடர் தூவிப் பாசியை எடுப்பது மலையில் எல்லா வீட்டிலும் தெரிந்த வேலை. அதே கையால் காரின் பள்ளத்திலும் தூவிவிடத் தோன்றும். செய்யவே கூடாத காரியம் இது. பிளீச்சிங் பவுடர் வேலை முடித்த பின் கால்சியம் குளோரைடை விட்டுச்செல்லும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும்; குளோரைடோ அரிப்பை முடுக்கிவிடும். கடல் காணாத காருக்குக் கடற்கரையைக் கொண்டுவந்து ஊற்றியதாகிவிடும். பாசியைக் காயவிட்டு, மரக்குச்சியாலும் நைலான் பிரஷாலும் சுரண்டி எடுத்து, கார் ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, சேறு இறங்கி வெளியேறும் இரு முனைகளையும் திறந்துவிட்டால் போதும். பிறகு ஹேர் டிரையரோ முழுப் பகல் வெயிலோ வேண்டும். பனி விழும் முன் கார் ஒரு கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். இல்லையென்றால் காலையில் மறுபடி முதலிலிருந்து.

காய்ந்த பள்ளம்தான் உண்மையைச் சொல்லும். சீலர் கீறாமல், பெயிண்ட் மங்கலாக மட்டும் இருந்தால் அந்தக் கார் அதிர்ஷ்டசாலி. சீலரின் ஓரம் உப்பியிருந்தால், அடியில் துரு இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் சீலர் எழும்புகிறது, சில கார்களில் பீடிங்கே பள்ளத்தைவிட்டு மேலே வருகிறது. உப்பிய சீலரைச் சுரண்டி எடுத்து, வெள்ளைத் தகரம் தெரியும்வரை எமரி தாளால் தேய்த்து, கைக்கு எட்டாத குழிகளில் ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசி, அது முழுவதும் காய்ந்ததும் எபாக்சி பிரைமர், பாலியூரித்தேன் சீம் சீலர், பெயிண்ட் என்ற வரிசையில் போக வேண்டும். தேய்க்கும்போது ஓட்டை விழுந்தால் அது டிங்கரின் வேலை. பட்டி வைத்து மூடுவது துருவுக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே சாப்பாடு போடுவதுதான்.

இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் பாத்ரூம் ஓரத்துக்குப் பூசும் சிலிகானைப் பிதுக்கி விட்டுவிடுகிறார்கள். விலை குறைவு, கடை பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் குழாயைத் திறந்ததும் வினிகர் நெடி வந்தால் அதில் வெளியேறுவது அசிட்டிக் அமிலம். பச்சைத் தகரத்தின்மேல் அமிலத்தைப் பூசி மூடியது போலாகும். தண்ணீர் வெளியே போகும் முனைகளையும் சேர்த்து அடைத்துவிட்டாலோ பள்ளம் தொட்டியாகும். அதன் விளைவு டாப்பில் தெரியாது. தண்ணீர் முன் கண்ணாடித் தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் நழுவி, டிரைவரின் காலடி விரிப்புக்குக் கீழே போய்த் தேங்கும். கதவு பீடிங்கை மாற்று, கண்ணாடி ரப்பரை மாற்று என்று ஒவ்வொன்றாக மாற்றியும் நாற்றம் போகாத கார்களில், ஒழுகும் இடம் தலைக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் டாப்பையும் பக்கத்தையும் லேசர் பிரேசிங் முறையில் செம்பு சார்ந்த கம்பியை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பள்ளமும் இல்லை, பீடிங்கும் இல்லை. அந்த வசதி இல்லாத லட்சக்கணக்கான கார்கள் இன்னும் ஓடுகின்றன. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் காத்திருக்கும் வண்டிகளுக்கு, எஞ்சின் சத்தத்தைக் கேட்பதுபோலவே இந்தப் பள்ளத்தைப் பார்ப்பதும் அவசியம்.

பெயிண்ட் நன்றாக இறுகிய பிறகு, புது கிளிப்போடு பட்டையைத் திரும்ப அழுத்துவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. காரைச் சமதரையில் நிறுத்தி, பள்ளத்தின் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். முன் முனையிலோ பின் முனையிலோ அது தடையில்லாமல் வெளியேற வேண்டும். எங்காவது தேங்கினால் சீலர் மேடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சீவிவிடலாம். உள்ளே டாப் துணியின் ஓரத்தையும் கையால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலை ஆண்டுக்கு ஒருமுறை போதும். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் மே மாதம் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குச் செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது. ஊட்டியில் இருப்பவர்கள் தென்மேற்கை முந்திக்கொண்டு செய்துவிட்டு, உறைபனி விழும் முன் சீலரை மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.